நான்கு கம்பிப் பெரும்பான்மை

"வாசிக்கத் தெரிஞ்சவங்க எழுந்து வெளிய போங்க!"

"இங்க வாசிக்கத் தெரிஞ்சவ நான் ஒருத்திதாங்க!"

"அப்போ நீங்க ஒருத்தர் போனா போதும். மத்தவங்க உக்காரலாம்."

செயலாளர் மேசையைத் தட்டிய தட்டில் தேநீர்க் கோப்பைகள் ஒருமுறை துள்ளி அடங்கின. பொதுக்கூடத்தின் ஜன்னல்கள் திறந்து கிடந்ததால் சத்தம் மூன்றாவது மாடிவரை ஏறியது. மாடியில் துணி காயப்போட வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் கையில் துணியே இல்லை என்பதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

"கிட்டார் வாங்கறதே நான் வாசிக்கத்தானே?" என்றாள் பல்செட்டு அக்கா.

"அதேதான். உங்களுக்கு இதுல சொந்த நலன் இருக்கு. விதி பன்னிரண்டு, உட்பிரிவு நாலு. சொந்த நலன் உள்ளவங்க தேர்வுல தலையிடக் கூடாது."

"உங்க தலைவருக்கு மேல் வரிசை, கீழ் வரிசை ரெண்டும் நான் செஞ்சு கொடுத்தது. அன்னைக்கு அவரையே கடிச்சுப் பாக்கச் சொன்னேனா, இல்ல சொந்த நலன் இல்லாத பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கடிக்கச் சொன்னேனா?"

கூடம் குபீரென்று சிரித்தது. தலைவரும் சிரிக்க வாயைத் திறந்து, சிரிப்பு தன்னைப் பற்றியது என்று புரிந்ததும் மூடிக்கொண்டார். மூடிய வாய் கச்சிதமாகப் பொருந்தியது. அக்காவின் வேலை எப்போதும் சுத்தம்.

ஆனாலும் அவள் வெளியே போகத்தான் வேண்டியிருந்தது.

தெருமுனை மாடியில் பல் செய்யும் பட்டறை வைத்திருப்பவள் அவள். மெழுகு, மாவு அச்சு, அரிசி மணிக்குள் நுழையும் அளவுக்குச் சிறிய அரம் என்று பகலெல்லாம் அடுத்தவர் வாயோடு மல்லுக்கட்டுவாள். மாலையில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பெரிய கிட்டார் ஒன்றை வாசிப்பாள். நாற்பத்து மூன்று வயது. வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும்தான். அண்ணன் வேறு ஊரில் குடும்பத்தோடு இருக்கிறான். அப்பா முப்பத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவர். காதுக்குள் இருக்கும் குட்டி எலும்பு இறுகிப்போய் இடது காது மூடிவிட்டது. வலது காதிலும் பாதிதான் கேட்கும்; ஒரு வருடத்துக்குள் அதுவும் மூடிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அறுவை சிகிச்சை பண்ணலாமாம்பா," என்று அவள் காகிதத்தில் எழுதிக் காட்டியபோது, பெரியவர் தெருவுக்கே கேட்கும்படி சொன்ன பதில் இது: "எழுபத்தோரு வயசுல காதைத் திறந்து வெச்சு என்ன கேக்கப் போறேன்? உங்க மன்றத் தலைவர் பேச்சையா?"

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. "அந்த ஏரியை ஆயிரம் தடவை தாண்டிப் போயிருக்கேன் பாப்பா. எப்பவும் சரக்கு இருக்கும், நேரம் இருக்காது. ஒரு தடவை அந்தக் கரையில சும்மா உக்காந்து நீ வாசிக்கறதைக் கேக்கணும். காது இருக்கும்போதே."

ஏரிக்கரை என்றால் முகாம் மன்றம். குடியிருப்போர் முகாம் மன்றம் வருடத்துக்கு ஒருமுறை அங்கே இரண்டு நாள் கூடாரம் போடும். 'நம்ம ஏரி, நம்ம ஏரி' என்று தலைவர் இருபது வருடமாகப் பேசிப்பேசி, ஏரியை மன்றமே தோண்டியது என்று நம்பும் அளவுக்குக் குடியிருப்பு வந்திருந்தது. மன்ற வேனில் ஆளுக்கு ஒரு பைதான். அக்காவின் பெரிய கிட்டாருக்கு இடம் கிடையாது. விவரமானவளாக இருந்தால் சின்னதாக ஒன்றை வாங்கித் துணிமணியோடு சுருட்டிக்கொண்டு போயிருப்பாள். இவள் என்ன செய்தாள்? அனுமதி கேட்டு மனு எழுதினாள்! அப்பா, அவர் காது, சின்னக் கிட்டார் என்று மூன்றே வரி.

மன்றம் மனுவை நிராகரித்திருந்தால்கூடப் பிழைத்திருப்பாள். மன்றம் ஏற்றுக்கொண்டது. மன்றமே ஒரு பயணக் கிட்டார் வாங்கும் என்றும், அதை அவள் முகாமில் வாசிப்பது அவளுடைய அந்த வருடத்துச் சேவையாகக் கருதப்படும் என்றும், சேவை செய்யாதவர் உறுப்பினராக நீடிக்க முடியாது என்றும் தீர்மானம் போட்டது. வரம் கேட்கப் போனவளுக்கு வழக்கு கிடைத்தது.

தேர்வுக்குழுவில் மூன்று பேர். பதிவாளராக இருந்து ஓய்வு பெற்ற தலைவர் ஒருவர். செயலாளர் ஒருவர்; அவரை முதுகுக்குப் பின்னால் 'உட்பிரிவு' என்று சொன்னால்தான் யாருக்கும் தெரியும். மூன்றாமவர் பொருள் காப்பாளர் 'டேப்பு'. இடுப்பில் எஃகு அளவுநாடா இல்லாமல் அவரைக் கண்டவர்கள் இல்லை. இவர்கள் சொல்வதையெல்லாம் எழுத, பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு விதவை அம்மாள் உண்டு. குறிப்பம்மா என்போம். மூச்சு விட்டால் அதையும் எழுதிவிடுவார். அவர் புண்ணியத்தில்தான் தலைவரின் தொடக்க உரை இன்றும் அப்படியே கிடைக்கிறது:

"இசையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். தெரிந்துகொள்ள வாய்ப்பு வந்தபோதெல்லாம் நான் எழுந்து போயிருக்கிறேன். என் மனைவி நன்றாகப் பாடுவாள் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும். இந்த நடுநிலையை நான் நாற்பது ஆண்டுகளாகக் கட்டிக் காத்து வருகிறேன்."

கைதட்டல் என்று எழுதி, அடைப்புக்குள் 'இருவர்' என்றும் எழுதியிருக்கிறார் குறிப்பம்மா.

மறுவாரம் கிட்டார் கடைக்காரர் குறுந்தாடி மூன்று பயணக் கிட்டார்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பாவம், நல்ல மனிதர். ஐம்பது வயதிலும் தனியாள். கடையில் யார் எதைத் தட்டினாலும் கூடவே தலையாட்டுவார். ஒன்று கழுத்து மடங்கும் வகை. ஒன்று இடுப்பு ஒடுங்கிய மெல்லிய உடம்பு. மூன்றாவது சாதாரணமாகச் சிறியது.

"யாராவது வாசிச்சுப் பாக்கறீங்களா சார்?"

"பாரபட்சம் வந்துடும்," என்றார் உட்பிரிவு.

முதலில் மழைச் சோதனை. முகாமில் மழை வரலாம் அல்லவா? பூவாளியால் மூன்றுக்கும் சம அளவு தண்ணீர் ஊற்றினார்கள். அரை மணி நேரத்தில் மெல்லிய உடம்புக்காரியின் முகம் அறை வாங்கியதைப் போல உப்பிவிட்டது. அடுத்து மடிப்புச் சோதனை. மடங்கும் கிட்டாரை டேப்பு நாற்பது முறை மடக்கி நாற்பது முறை நிமிர்த்தினார். நாற்பத்தோராவது முறை அது நிமிரவில்லை. "மடங்கும் தன்மை திருப்தி, நிமிரும் தன்மை போதாது" என்று குறிப்பில் ஏறியது.

கடைசியில் ஒலிச் சோதனை. விதி ஏழு முகாமில் அமைதி காக்கச் சொல்கிறது. ஆகவே எந்தக் கிட்டார் மிகக் குறைந்த தூரத்திலேயே கேட்காமல் போகிறதோ அதற்கே அதிக மதிப்பெண். டேப்பு தன் அளவுநாடாவின் நுனியால் கம்பிகளைக் கீறினார். உட்பிரிவு பின்பக்கமாக நடந்துகொண்டே, "கேக்குது... கேக்குது... சே, இன்னும் கேக்குதே!" என்று வருத்தப்பட்டார்.

"சார், கேக்காத கிட்டார்தான் வேணும்னா ஒரு மரப்பெட்டி வாங்கிக்கலாமே?" என்றார் குறுந்தாடி.

"மரப்பெட்டி மனுவில் கோரப்படவில்லை."

மூன்றில் இரண்டு செத்துப்போனதால் உயிரோடிருந்த ஒன்று ஏகமனதாகத் தேர்வானது. குறுந்தாடி மற்ற இரண்டையும் துணியில் சுற்றி, பிணம் தூக்குகிறவரைப் போலக் கொண்டு போனார். குறிப்பம்மா வாசல்வரை போய்க் கதவைத் திறந்துவிட்டார். இதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அதோடு விட்டார்களா? டேப்பு அளந்தார். கிட்டாரின் நீளம் எண்பத்தாறு சென்டிமீட்டர். வேன் அலமாரியின் நீளம் எண்பது. தச்சரைக் கூப்பிட்டார்கள்.

"அலமாரியைக் கொஞ்சம் நீட்டிக் கொடுத்துடறேங்க," என்றார் தச்சர்.

"அலமாரி சொத்துப் பதிவேட்டில் எண்பது என்று பதிவாகியிருக்கிறது. கிட்டார் இன்னும் பதிவாகவில்லை. பதிவாகாததைத்தான் திருத்த முடியும்," என்றார் உட்பிரிவு.

தச்சர் கிட்டாரின் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐயா, இங்கதான் கம்பியை முறுக்கற ஆணியெல்லாம் இருக்கு. ஆறு சென்டிமீட்டர் எடுத்தா நுனியில இருக்கறது போயிடும்."

"எத்தனை போகும்?"

"ரெண்டு கம்பி."

"மிச்சம்?"

"நாலு."

"பெரும்பான்மை இருக்கு. வெட்டுங்க."

வெட்டினார். பிறகு சொத்து எண் பொறித்த பித்தளைத் தகட்டைக் கிட்டாரின் முகத்தில் நான்கு திருகாணி போட்டு இறுக்கினார். நடுவில் இருக்கும் துளைக்குள் பூச்சி போகக் கூடாது என்று கொசுவலை அடித்தார். கூலி வாங்கிக்கொண்டு போனவர் மூன்று நாள் யார் கண்ணிலும் படவில்லை. வெட்கமாம்.

ஒப்படைப்பு விழா வைத்தார்கள். பல்செட்டு அக்கா அப்பாவையும் கூட்டி வந்திருந்தாள். கருவியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். வெட்டில் போனவை நடுக்கம்பிகள் இரண்டு. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, நடுவில் சந்து. முன்பல் விழுந்த வாய்களை அவள் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறாள். எந்த வாயும் இவ்வளவு பரிதாபமாக அவளைப் பார்த்ததில்லை. ஒருமுறை மீட்டினாள். பித்தளைத் தகடு மட்டும் கிர்ரென்றது.

"என்ன பாப்பா, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார் அப்பா, கூடம் அதிர.

தலைவர் எழுந்தார். "இரண்டு கம்பிகள் குறைந்ததைச் சிலர் குறையாகப் பேசுவதாகக் கேள்விப்படுகிறேன். என் அலுவலகத்தில் ஆறு எழுத்தர்கள் இருந்தோம். அதில் இரண்டு பேர் எந்த வேலையும் செய்ததில்லை. அலுவலகம் நின்றுவிட்டதா? இல்லை. அந்த இரண்டு பேரில் ஒருவனாக இருந்துதான் நான் இந்த உயரத்துக்கு வந்தேன். ஆகவே..."

"இதை நான் வாசிக்க மாட்டேன்," என்றாள் அக்கா. கருவியை மேசையில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள், அது ஏற்கெனவே வாங்கிய அடி போதாதா?

"வாசிக்கலைன்னா சேவை செய்யலைன்னு ஆகும். உறுப்பினர் நீக்கம்," என்றார் உட்பிரிவு.

"நானே ஒண்ணு வாங்கி வாசிச்சா?"

"மன்றத்துக்குன்னு ஒரு கருவி இருக்கும்போது முகாம்ல தனியார் கருவிக்கு அனுமதி கிடையாது."

"அப்போ நீக்கிக்கோங்க. எழுதிக்கோங்கம்மா," என்று குறிப்பம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "நான் மனு கொடுத்தது கிட்டாருக்கு. இது கிட்டார் இல்ல, பிரேதப் பரிசோதனை முடிஞ்ச உடம்பு. இப்படியே எழுதுங்க."

குறிப்பம்மா அப்படியே எழுதினார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும்தான் அக்காவுக்குக் கண் கலங்கியது. வீறாப்பாகப் பேசியாகிவிட்டது. ஏரி? நடந்ததையெல்லாம் காகிதத்தில் எழுதிக் காட்டினாள். பெரியவர் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ஏன், ஏரி என்ன அவங்க அப்பன் வீட்டுதா? கயிறு கட்டின அந்த ஒரு துண்டு இடம்தான் அவங்க குத்தகைக்கு எடுத்தது. மிச்சக் கரை பூரா பொது வழி. அந்த ரோட்டுல எது யாருதுன்னு எனக்குத் தெரியாதா? வழியில பஸ்ஸே நிக்கும்."

இருபது வருடம் இது யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாததற்கு யாரை நோவது?

மறுநாள் காலையிலேயே அப்பாவும் மகளும் குறுந்தாடி கடையில். "சின்னதா வேணும். பஸ்ல மடியில வெச்சுக்கணும். தரையில உக்காந்து வாசிக்கணும். வெட்டவெளியில சத்தம் எடுபடணும்," என்றாள். குறுந்தாடிக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு மாதமாகக் கிட்டாரைப் பற்றி யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை.

கடையின் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஒன்று மடியில் நிற்காமல் தலை சாய்ந்தது, தள்ளினாள். ஒன்றின் கழுத்து விரலுக்குக் குறுகல். ஒன்று கடைக்குள் இனித்தது. வாசலுக்கு எடுத்துப்போய் வண்டிச் சத்தத்துக்கு நடுவே தட்டினால் ஊமையாகிவிட்டது. நாலாவதை எடுத்தாள். கைக்குழந்தை அளவு. மாதுளை விதை நிறம். மீட்டிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். வலது காதைக் கிட்டே கொண்டுவந்தார். இன்னும் குனிந்தார். குனிந்த குனிப்பில் தாடை கிட்டாரின் தோளில் இடித்தது.

"ஏய்!"

கடையில் இருந்த ஒருவர் கையிலிருந்ததைக் கீழே போட்டார்.

"கேக்குது பாப்பா! உள்ளயே கேக்குது! காதுக்குப் போகாம நேரா தலைக்குள்ள வருது!"

அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது. தாடை எலும்பு பேசினால் காது எலும்பைக் கேட்க வேண்டியதில்லை. இறுகிப்போன கதவைச் சுற்றிக்கொண்டு சத்தம் சுவர் வழியாக உள்ளே போய்விடும். பல்லைத் தட்டினால் மண்டைக்குள் கேட்பது அவளுக்குத் தினசரி வேலை. வீட்டில் இருந்த பெரிய கிட்டார் அவள் மார்பை அடைத்துக்கொண்டு நிற்கும். அதில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தாடை வைக்க இடமேது? இதில் இருந்தது.

பிறகு என்ன, கடையில் இருந்த அத்தனை சின்னக் கிட்டார்களுக்கும் பெரியவர் தாடை வைத்துப் பார்த்தார். "இது மங்கல்." "இது கரகரங்குது." "பல்லைக் கழட்டிட்டு வெச்சா இன்னும் நல்லா இருக்கு. இந்தா, பிடி." பல்செட்டைக் குறுந்தாடி பயபக்தியோடு வாங்கிக்கொண்டார். கடைசியில் பழைய நாலாவதுக்கே திரும்பினார்கள்.

"இருபது வருஷமா கடை வெச்சிருக்கேன்," என்றார் குறுந்தாடி. "தாடையால கிட்டார் வாங்கினவங்களை இப்பதான் பாக்கறேன். உங்க அப்பா தேர்வு தப்பே இல்லைங்க."

கிளம்பும்போது டேப்பு எங்கிருந்தோ வந்து, பழக்கதோஷத்தில் அளந்தும் பார்த்துவிட்டார். எழுபத்தாறு சென்டிமீட்டர். வெட்டாமலே அலமாரிக்குள் போயிருக்கும். நாடாவைச் சுருட்டிக்கொண்டார்.

முகாம் அன்று வேன் ஒரு பக்கம் போக, அப்பாவும் மகளும் பஸ்ஸில் போனார்கள். ஏரிக்கரையில் மன்றம் கட்டியிருந்த கயிற்றுக்கு ஒரு முழம் வெளியே, பொது வழிப் புல்லில், விரிப்பை விரித்து உட்கார்ந்தார்கள். வேண்டுமென்றுதான் அந்த ஒரு முழம். ஏரி பெரியது; வேறு இடமா இல்லை?

மாலை வெயில் தண்ணீரில் சாயும் நேரம். கயிற்றுக்குள்ளே தலைவர் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்து டேப்பு மன்றக் கருவியைக் கீறத் தொடங்கினார். கயிற்றுக்கு வெளியே அக்கா தன் கிட்டாரை மடியில் வைத்தாள். பெரியவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, பல்லைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கிட்டாரின் தோளில் தாடையை வைத்துக் கண்ணை மூடினார். அவள் வாசித்தாள்.

என்ன வாசித்தாள் என்று கேட்டால் அங்கே இருந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஏரித் தண்ணீரின் மேல் சத்தம் வழுக்கிக்கொண்டு அக்கரைவரை போனது என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்.

முதலில் தச்சரின் மனைவி கயிற்றைத் தாண்டினாள். "கால் மரத்துப்போச்சு, சும்மா நடக்கறேன்," என்றாள். அப்புறம் தச்சர். அப்புறம் அன்று துணியில்லாமல் மாடியில் நின்ற அந்த இரண்டு பேர். உட்பிரிவு ஓடிவந்தார்.

"அம்மா, நிறுத்துங்க! முகாம்ல தனியார் கருவி..."

"முகாம் கயித்துக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம்."

"நீங்க இன்னும் சேவைக் கடமையை நிறைவேத்தல!"

"நீக்கியாச்சே? நீக்கினவங்களுக்கு ஏதுங்க கடமை?"

உட்பிரிவு வாயைத் திறந்து, எந்த உட்பிரிவும் கிடைக்காமல், குரலை மட்டும் உயர்த்தினார். "இந்தக் கயித்தைத் தாண்டறவங்க எல்லாம் முகாமை விட்டு வெளியேறினதா கருதப்படுவாங்க!"

"நிறுத்தாத பாப்பா!" என்று கண்ணை மூடியபடியே கத்தினார் பெரியவர். "யாரோ என்னமோ பேசறாங்க போல, எனக்கு ஒண்ணுமே கேக்கல! ரொம்ப நல்லா இருக்கு!"

அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே பத்துப் பதினைந்து பேர் ஒரேயடியாகத் தாண்டினார்கள். "குறிப்பெடுங்க! தாண்டறவங்க பேரை எழுதுங்க!" என்றார் உட்பிரிவு. குறிப்பம்மாவுக்குத் தூரத்துப் பார்வை கொஞ்சம் மட்டு. யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சரியாகப் பார்த்து எழுத வேண்டாமா? நோட்டோடு கயிற்றைத் தாண்டினார். புதுக் கிட்டாருக்கு வெட்டவெளி ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வந்திருந்த குறுந்தாடி தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். பேர் எழுத வேண்டிய பக்கம் காலியாகவே இருக்கிறது.

கயிற்றுக்குள் மிஞ்சியவர்கள் மூன்று பேர். கூட்டம் நடத்தக் குறைந்தது மூன்று பேர் வேண்டும் என்பது விதி. ஆகவே கூட்டம் நடந்தது. முகாம் சிறப்பாக நிறைவேறியதாகவும், வருகை முழுமையாக இருந்ததாகவும் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். தீர்மானம் முடிந்ததும் டேப்பு, "ஒரு நிமிஷம், கயித்தோட நீளத்தைப் பாத்துட்டு வரேன்," என்று எழுந்து போனவர் இருட்டும்வரை திரும்பவில்லை.

அக்கா மட்டும் ஒருமுறை வாசிப்பை நிறுத்தினாள். அப்பாவின் முகம் நனைந்திருந்தது. "என்னப்பா?" என்று வாயசைத்தாள்.

"ஒண்ணுமில்ல. சரக்கு இறக்கற அவசரம் இல்லாம இருக்கேன். நீ வாசி."

பிறகு நடந்ததையும் சொல்லிவிடலாம். அடுத்த கோடைக்குள் பெரியவரின் வலது காது டாக்டர் சொன்னபடியே மூடிக்கொண்டது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உட்பிரிவு, இந்தக் குடியிருப்பில் கட்டுப்பாடு கெட்டுவிட்டது என்று வீட்டைக் காலி செய்துகொண்டு ஆற்றுக்கு அந்தப்புறம் போய்விட்டார். அங்கே எல்லோரும் வெகு அமைதியானவர்களாம், வயதானவர்கள். டேப்பு மன்றத்திலிருந்து விலகி, தச்சருக்குக் கூட்டாளியாகச் சேர்ந்து அலமாரி செய்கிறார்.

அந்தக் கோடை முடிந்த கையோடு குறிப்பம்மாவும் குறுந்தாடியும் கல்யாணம் செய்துகொண்டார்கள். பதிவு அலுவலகத்தில் இரண்டு கையெழுத்து, கடையின் மாடியில் தேநீர். தலைவரை அழைக்கவில்லை, அவர் வந்தார். யாரும் கேட்காமலே எழுந்து வாழ்த்துரை தொடங்கினார். ஐந்தாவது நிமிடத்தில் கூட்டம் மெல்லக் கலைந்து கீழே கடைக்குள் இறங்கிவிட்டது. முதல் வரிசையில் பல்செட்டு அக்காவின் அப்பா மட்டும், சாப்பிட்டு முடித்த திருப்தியில், தலைவர் முகத்தையே பார்த்துப் புன்னகையோடு தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழுசாக ஐம்பது நிமிடம்.

"இந்தக் குடியிருப்பிலேயே என் பேச்சைக் கடைசிவரை கேட்ட ஒரே மனுஷன்," என்று தலைவர் அவர் கையைப் பிடித்துக் கண் கலங்கினாராம். பெரியவர் அடுத்த மாதமே மகன் வீட்டுக்குக் குடிபோய்விட்டார். மகள் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் வருகிறாள். அவர் இல்லாமல் ஊரே வெறிச்சென்று இருப்பதாகத் தலைவர் இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நம்மில் யாருக்கும் அவரிடம் விஷயத்தைச் சொல்ல மனசு வரவில்லை.